மறுக்கப்பட்ட நிலமும் மறைந்த குடியரசும்

ரோமானியக் குடியரசு எப்போது விழுந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் கி.மு. 49-ஐச் சொல்வார்கள். தளபதி ஜூலியஸ் சீசர் படையோடு இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைக் கடந்தார், ஐந்தாண்டில் செனட் கூட்டத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார், பிறகு பேரரசு வந்தது. ஒருவருடைய பேராசை நானூற்றைம்பது ஆண்டு ஆட்சிமுறையை விழுங்கிவிட்டது என்னும் இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. சீசர் பிறப்பதற்கு 33 ஆண்டுகள் முன்பு, கி.மு. 133-ல், ரோமின் செனட்டர்கள் ஒரு நிலச் சட்டத்துக்காகத் தடியெடுத்தார்கள். குடியரசு அன்றே உயிர்விடத் தொடங்கிவிட்டது.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து, கல் நட்டு, புலப்படம் வரைந்த கைக்கு ரோமின் வரலாற்றில் முதலில் தென்படுவது தளபதிகள் அல்ல, எல்லைக் கற்கள். திபேரியஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி நிலத்தை அளந்த மூவர் குழு நட்ட கற்களில் பத்துக்கும் மேற்பட்டவை இத்தாலியில் கிடைத்திருக்கின்றன. குழு உறுப்பினர்களின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டுள்ளன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் மண்ணில் கிடந்த அந்தக் கற்கள்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தன.

இத்தாலியில் தோற்கடித்த ஊர்களின் நிலத்தில் ஒரு பங்கை ரோம் அரசு பொதுநிலமாக வைத்துக்கொண்டது. நம்மூர்ப் புறம்போக்கை நினைத்துக்கொள்ளலாம். உரிமை அரசுக்கு, அனுபவம் கைவைத்தவருக்கு. ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல், அதாவது சுமார் 310 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை யாரும் மதிக்கவில்லை. கார்த்தேஜின் தளபதி ஹானிபாலுடன் நடந்த போர், அதன் பிறகு ஸ்பெயினிலும் கிழக்கிலும் நடந்த போர்கள் என்று சிறு விவசாயி ஆண்டுக்கணக்கில் ஊரை விட்டு வெளியே கிடந்தான். செல்வர்களோ பொதுநிலத்தை வளைத்து, போரில் பிடித்த அடிமைகளைக் கொண்டு பயிரிட்டார்கள். ரோமின் படை சொத்துள்ள குடிமக்களைக் கொண்ட படை. நிலமிழந்தவனுக்கு அதில் இடமில்லை. ஆகவே நிலம் கைமாறக் கைமாறப் படைக்கு ஆள் குறையும் என்ற அச்சம் எழுந்தது.

தெற்கு எத்ரூரியாவில் தொல்லியலாளர்கள் வயல்வயலாக நடந்து பார்த்தபோது சிறு பண்ணைகளின் தடயங்கள் நிறையவே கிடைத்தன. திபேரியஸ் சொன்ன அளவுக்கு விவசாயி ஒழிந்துவிடவில்லை என்று இதை வைத்துச் சிலர் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் வேண்டும் என்று கேட்டு வெளியூர்களிலிருந்து மக்கள் ரோமுக்குத் திரண்டு வந்தார்கள் என்பதையும் அந்தக் கால வரலாறு சொல்கிறது. பசி எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

திபேரியஸ் ஏழை வீட்டுப் பிள்ளையும் இல்லை. ஹானிபாலை வென்ற ஸ்கிப்பியோவின் மகள் வயிற்றுப் பேரன், டிரிபியூன், அதாவது பொதுமக்களின் நலன் காக்க அவர்களே தேர்ந்தெடுத்த அதிகாரி. அவருடைய சட்டம் மிதமானது. 500 யூகெர வரம்புக்கு மேலுள்ள பொதுநிலத்தை அரசு திரும்ப எடுத்து ஏழைகளுக்குப் பகிர வேண்டும். பிள்ளைகள் இருந்தால் வரம்புக்கு மேல் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளலாம். பகிர்வில் நிலம் பெற்ற ஏழை அதை விற்கக் கூடாது. பட்டா நிலத்தில் ஒரு சாண்கூட இதில் கைவைக்கப்படவில்லை.

இதற்கு எதிராக நிலம் வைத்திருந்தவர்கள் சொன்ன வாதங்களை வரலாற்றாசிரியர் அப்பியன் பதிவு செய்திருக்கிறார். திராட்சை நட்டோம், வீடு கட்டினோம், அப்பன் பாட்டன் சமாதி இந்த நிலத்தில் இருக்கிறது, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டோம், அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறோம். முதன்முதலில் இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். ஆக்கிரமிப்பு அளக்கப் போன ஊரிலெல்லாம் இதே சொற்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் உண்மையான துயரமும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அளப்பவனுக்கும் தீர்ப்பவனுக்கும் பொறுமை வேண்டியிருக்கிறது. ரோமின் செனட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை.

இன்னொரு டிரிபியூன் ஆக்டேவியஸ் தன் தடையதிகாரத்தால் சட்டத்தை நிறுத்தினார். திபேரியஸ் மக்கள் மன்றத்தில் வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். இப்படி ஒரு டிரிபியூனை நீக்குவது மரபுக்கு மீறியது. மறுத்துப் பயனில்லை, அது தவறான படி. சட்டம் நிறைவேறியது. செனட் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழுவுக்குச் சொற்பப் படிக்காசு மட்டும் ஒதுக்கியது. அதே ஆண்டு பெர்காமம் நாட்டின் அரசர் மூன்றாம் அட்டாலஸ் தன் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். அந்தப் பணத்தை எடுத்துப் புது விவசாயிகளுக்கு ஏர், கலப்பை வாங்க உதவலாம் என்று திபேரியஸ் சொன்னதும், செனட்டின் கோபம் எல்லை தாண்டியது.

அவர் மறுமுறையும் டிரிபியூனாகப் போட்டியிட்ட நாளில், அவரை அடக்கச் சொல்லி செனட்டர்கள் அந்த ஆண்டின் தலைமை ஆட்சியாளரான கான்சல் முசியஸ் ஸ்கேவோலாவை நெருக்கினார்கள். விசாரணை இன்றி ஒரு குடிமகனையும் கொல்ல மாட்டேன் என்றார் ஸ்கேவோலா. ரோமின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர்களில் அவர் ஒருவர். அவர் சொல் எடுபடவில்லை. தலைமைப் பூசாரி ஸ்கிப்பியோ நசிக்கா எழுந்து, குடியரசைக் காக்க நினைப்பவர்கள் என் பின்னே வாருங்கள் என்று அழைத்தார். செனட்டர்களும் அவர்களுடைய ஆட்களும் பெஞ்சுக் கால்களை உடைத்துத் தடியாக்கிக்கொண்டு கேப்பிடல் குன்றில் ஏறினார்கள். திபேரியஸ் அடித்துக் கொல்லப்பட்டார். அவரோடு 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடல்களைக்கூட உறவினரிடம் தராமல் டைபர் ஆற்றில் எறிந்தார்கள்.

நசிக்கா மீது வழக்கு வரவில்லை. அரசுப் பணி என்று சொல்லி ஆசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு விசாரணை மன்றம் அமைத்துத் தண்டித்தது கொல்லப்பட்டவரின் ஆதரவாளர்களை. குடியரசைக் காக்கிறேன் என்று சொன்னால் கொலைக்கும் தண்டனையில்லை என்று அன்று நிறுவப்பட்டது. திபேரியஸ் மரபை மீறினார்தான். ஆனால் மரபு மீறியவரைத் தண்டிக்க நீதிமன்றம் இருந்தது, தேர்தல் இருந்தது, ஆண்டு முடிந்ததும் பதவி தானே கழன்றுவிடும் ஏற்பாடும் இருந்தது. அவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தடியை எடுத்தவர்களை விட்டுவிட்டு, எண்பது ஆண்டு கழித்து ஆற்றைக் கடந்தவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

குழு தொடர்ந்து அளந்தது. கற்களில் பெரும்பாலானவை திபேரியஸ் இறந்த பிறகு நட்டவைதான். பத்திரம் இல்லாத நிலம், எல்லை நகர்ந்துபோன நிலம் என்று தகராறுகள் பெருகின. கி.மு. 129-ல் தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரத்தைக் குழுவிடமிருந்து பறித்துக் கான்சல் துடிட்டானஸிடம் கொடுத்தார்கள். சிக்கலைப் பார்த்ததும் அவர் இல்லிரியாவுக்குப் போருக்குப் போய்விட்டார். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாததால் வேலை நின்றது. ஒரு சட்டத்தை ரத்து செய்யாமலே முடக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தம்பி கயஸ் கிராக்கஸ் கி.மு. 123-ல் டிரிபியூன் ஆனார். இரண்டே ஆண்டில் அவருக்கும் அதே கதி. இம்முறை செனட்டே தீர்மானம் போட்டுக் கான்சல் ஒப்பிமியஸை ஏவியது. கயஸின் தலைக்கு எடைக்கு எடை பொன் என்று விலை வைத்தார்கள். ஏறத்தாழ 3000 பேர் இறந்ததாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அது முடிந்ததும் ஒப்பிமியஸ் மன்றத்தில் ஒற்றுமைத் தேவிக்குக் கோயில் எழுப்பினார். அவர் மேல் வழக்கு வந்தது, விடுதலையும் கிடைத்தது. கி.மு. 111-ல் வந்த நிலச் சட்டம் பொதுநிலத்தில் பெரும்பகுதியை அதை அனுபவித்து வந்தவர்களின் தனிச்சொத்தாக ஆக்கியது. அந்தச் சட்டம் பொறித்த வெண்கலத் தகட்டின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன.

நிலம் கேட்டவனுக்கு அரசு தரவில்லை. அவன் பிறகு என்ன செய்தான்? கி.மு. 107-ல் கான்சல் மாரியஸ் சொத்தில்லாதவர்களையும் படையில் சேர்த்தார். அவர்கள் போர் முடிந்து திரும்பி உழுவதற்குச் சொந்த வயல் இல்லை. நிலம் வாங்கித் தரச் செனட் இல்லை. தளபதிதான் இருந்தார். ஆப்பிரிக்காவில் மாரியஸின் வீரர்களுக்குத் தலைக்கு 100 யூகெரம் தரும் சட்டத்தை டிரிபியூன் சாட்டர்னினஸ் தெருக்கலகம் செய்துதான் நிறைவேற்ற முடிந்தது. பின்னர் அவரைச் செனட் கட்டடத்தில் அடைத்துவைத்தபோது, கூட்டம் கூரையைப் பிரித்து ஓடுகளாலேயே அவரை அடித்துக் கொன்றது.

கி.மு. 88-ல் தளபதி சுல்லா ரோமின் மீதே படையெடுத்தார். அவருடைய அதிகாரிகளில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலகிக்கொண்டார்கள். சாதாரணச் சிப்பாய்கள் விலகவில்லை. கிழக்குப் போரின் தலைமை சுல்லாவிடமிருந்து கைமாறியதால், அங்கே கிடைக்கப்போகும் கொள்ளை வேறொரு தளபதியின் ஆட்களுக்குப் போய்விடுமோ என்பதுதான் அவர்கள் கவலை. காக்க என்ன இருந்தது அவர்களுக்கு அந்தக் குடியரசில்? ஒரு காணி இருந்ததா? சுல்லா வென்ற பின் எதிரிகளின் ஊர்களைப் பறித்துத் தன் படையினரைக் குடியமர்த்தினார். பொதுநிலத்தைப் பகிர மறுத்த நாட்டில் இப்போது பட்டா நிலமே பறிபோனது.

தளபதி பாம்பே கிழக்கை வென்று கி.மு. 62-ல் திரும்பியபோது படையைக் கலைத்துவிட்டுத் தனியாளாக வந்தார். செனட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அது. அவருடைய வீரர்களுக்கு நிலம் கொடுத்திருந்தால் அவர்கள் அரசின் ஆட்களாகியிருப்பார்கள். செனட் இழுத்தடித்தது. கி.மு. 59-ல் கான்சலான சீசர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். விற்க விரும்புகிறவர்களிடம் பதிவேட்டு மதிப்புக்கு நிலம் வாங்குவது, அதற்குப் பாம்பேயின் வெற்றிப் பணத்தையே பயன்படுத்துவது என்பதுதான் திட்டம். ஒவ்வொரு செனட்டரையும் பெயர் சொல்லி அழைத்து என்ன குறை என்று கேட்டார். ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை இல்லை, ஆனாலும் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்றார் செனட்டர் கேட்டோ. அவரைக் குடியரசின் மனசாட்சி என்று இன்றும் போற்றுகிறார்கள். குறையே காண முடியாத ஒரு சட்டத்தைத் தடுத்த இந்தப் பிடிவாதத்தை என்னால் போற்ற முடியவில்லை. சட்டம் கடைசியில் வன்முறையோடு நிறைவேறியது. நிலம் வாங்கித் தந்தவர் சீசர் என்பது சிப்பாய்களின் மனதில் பதிந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து வந்ததுதான் ரூபிகான்.

சீசருக்குப் பின் அவருடைய வளர்ப்பு மகன் ஆக்டேவியனும் சீசரின் ஆதரவாளர்களான ஆண்டனியும் லெபிடஸும் கூட்டுச் சேர்ந்தார்கள். இத்தாலியின் 18 ஊர்களின் நிலத்தைப் படையினருக்கு வாக்களித்தார்கள். சொத்தைக் காப்பதற்கே அரசு தோன்றியது, நிலப் பகிர்வு அதன் அடித்தளத்தை இடிக்கும் என்று கி.மு. 44-ல் மகனுக்கு எழுதிய செனட்டர் சிசெரோவை அடுத்த ஆண்டே கொன்று, தலையையும் கைகளையும் மன்ற மேடையில் வைத்தார்கள். வெளியேற்றப்பட்ட விவசாயிகளின் வேதனை கவிஞர் வர்ஜிலின் கவிதைக்குள் நுழைந்தது.

ஆக்டேவியன் கி.மு. 27-ல் அகஸ்டஸ் ஆனார். செனட் கூடியது, கான்சல்கள் ஆண்டுதோறும் பதவியேற்றார்கள். அதிகாரம் மட்டும் ஒருவரிடம். அந்த ஒருவர் தன் சாதனைகளைப் பட்டியலிட்ட கல்வெட்டு அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. படையினருக்காக இத்தாலியில் நிலம் வாங்க 60 கோடி செஸ்டர்ஸ், மாகாணங்களில் வாங்க ஏறத்தாழ 26 கோடி செஸ்டர்ஸ் கொடுத்ததாக அதில் சொல்கிறார். கி.பி. 6-ல் ஓய்வு பெறும் வீரர்களுக்கென்று தனிக் கருவூலம் தொடங்கி, தன் பணத்திலிருந்து 17 கோடி போட்டார். அது தொடர்ந்து நடக்க, நெருங்கிய உறவினர் அல்லாதவர் பெறும் வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி விதித்தார். திபேரியஸின் சட்டம் செனட்டர்களிடம் கேட்டது அரசின் நிலத்தை. அகஸ்டஸ் கேட்டது அவர்கள் சொந்தச் சொத்தில் பங்கு.

கி.பி. 13-ல் செனட்டர்கள் இந்த வரியை எதிர்த்து முணுமுணுத்தார்கள். வேறு வழி இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றார் அகஸ்டஸ். உருப்படியாக எதுவும் வரவில்லை. அப்படியானால் இந்த வரியை எடுத்துவிட்டு நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடுகிறேன் என்றார். எவ்வளவு என்று சொல்லாமலே, யாருக்கு எவ்வளவு சொத்து என்று கணக்கெடுக்க நாலாபுறமும் ஆட்களை அனுப்பினார். கணக்கெடுப்பவர்கள் புறப்பட்ட செய்தி கேட்டதும் பழைய வரியே போதும் என்று செனட்டர்கள் ஒப்புக்கொண்டார்கள்.