உரிமைப் பெயரும் ஒட்டுக்குடிப் பெயரும்

திரை விலகுகிறது. நீதிமன்றக் காட்சி. கூண்டிலே ஒருவன் நிற்கிறான். "கந்தசாமி அலியாஸ் கந்தன்!" என்று கூவுகிறான் சேவகன். சாட்சி இன்னும் வாய் திறக்கவில்லை; வழக்கறிஞர் எழுந்திருக்கவில்லை; நீதிபதி பேனாவைத் தொடவில்லை. ஆனால் கொட்டகையிலே அமர்ந்திருப்போர் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகின்றனர்: "இவன் கள்ளன்தான்! இரண்டு பெயர் வைத்திருக்கிறானே!" நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். எந்தச் சொல்லைப் போட்டால் எவன் குற்றவாளியாகத் தெரிவான் என்பது எனக்குப் பழகிய தொழில்.

காட்சி மாறுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயில். கடாரம் நடுங்கக் கலம் செலுத்திய குலத்தின் தலைமகன், வானளாவ எழுப்பிய கற்றளியின் சுவரிலே தன் பெயரைப் பொறிக்கிறான்: கோ இராசகேசரிவர்மரான ஸ்ரீ இராசராசதேவர். 'ஆன' என்ற இரண்டெழுத்துச் சொல்லைப் பாரீர்! அந்தக் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1890-களில் வெளியிட்டார் ஹுல்ட்சு என்ற ஜெர்மானிய அறிஞர். அவருடைய உழைப்புக்குத் தமிழகம் கடன்பட்டிருக்கிறது, மறுப்பாரில்லை. ஆனால் 'ஆன' என்ற இடத்தில் அவர் எழுதிய சொல் எது தெரியுமா தோழர்களே? அலியாஸ்! கந்தசாமி அலியாஸ் கந்தன். இராசகேசரி அலியாஸ் இராசராசன்! கன்னக்கோல் பிடித்தவனுக்கும் செங்கோல் பிடித்தவனுக்கும் ஒரே சொல்!

அறிஞர்மீது பழியில்லை. பழி அந்தச் சொல்லின் பிறப்பிலே இருக்கிறது. 'வேறு நேரத்தில்', 'வேறு வகையில்' என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. இங்கிலாந்தின் வழக்குமன்றங்கள் லத்தீனில் ஏடெழுதிய காலத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவன் "ஏட்டிலுள்ள பெயர் என் பெயரல்ல" என்று சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. அந்த வழியை அடைக்க, அவனுக்கு வழங்கும் பெயர்களையெல்லாம் இந்தச் சொல்லால் கோத்து எழுதினர். வலை பின்னுவதற்குப் பிறந்த சொல் அது. இன்றும் நம் நாட்டுக் காவல் நிலைய ஏடுகளிலே, மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கும் அதே சுழிக்குறியை இரு பெயர்களுக்கிடையே போட்டு, 'அலியாஸ்' என்று படிக்கின்றனர்.

தமிழ் என்ன செய்தது? ஒரு பொருளுக்கு இரு பெயர் அமைந்தால் ஒன்றை எசமானாக்கி மற்றொன்றை ஏவலாளாக்கவில்லை. இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று இலக்கணமே வகுத்தது! சாரைப்பாம்பு, பலாமரம். விரித்தால் சாரை ஆகிய பாம்பு, பலா ஆகிய மரம். சிறப்புப் பெயர் முன்னே நடக்கும். பொதுப்பெயர் பின்னே வரும். 'ஆகிய' என்ற பாலம் இரண்டையும் இணைக்கும். 'ஆன' என்பதிலே ஆக்கம் இருக்கிறது, வளர்ச்சி இருக்கிறது. 'அலியாஸ்' என்பதிலே ஒளிவு இருக்கிறது, ஐயம் இருக்கிறது. திவாகரமும் பிங்கலமும் ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை அடுக்கித் தருகின்றன. எந்தப் பெயரையும் கூண்டிலே ஏற்றவில்லை!

"இணைப்புச் சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு, 1949 செப்டம்பர் 18-ஆம் நாளை நினைவூட்டுகிறேன். அரசியல் நிர்ணய சபையில் முதல் விதி விவாதத்துக்கு வந்தது. இந்தியா, 'தட் ஈஸ்' பாரத் என்பது அதன் வாசகம். 'அதாவது' என்று பொருள்படும் அந்த இரு சிறு சொற்களைப் பொறுக்கமாட்டாமல் எழுந்தார் காமத். பாரதம் முன்னே வரட்டும். 'ஆங்கில மொழியில் இந்தியா' என்பது பின்னே வரட்டும் என்று திருத்தம் கொடுத்தார். அயர்லாந்தைச் சான்று காட்டினார். 1937-இல் அந்நாடு வகுத்த அரசியல் சட்டத்திலே 'ஐரே' என்ற சொந்தப் பெயர்தான் முன்னே நிற்கிறது. ஆங்கிலப் பெயர் 'ஆங்கில மொழியில்' என்ற அடைமொழியோடு பின்னே வருகிறது. சேட் கோவிந்ததாசும் பாரதத்துக்கே முதலிடம் கேட்டார். வாக்கெடுத்தனர். ஆதரவு 38, எதிர்ப்பு 51. எந்தப் பெயர் முன்னே, எது பின்னே, நடுவே எந்தச் சொல் என்பதற்காக ஒரு நாட்டின் சட்டமன்றச் சிற்பிகள் கைதூக்கி வாக்களித்திருக்கின்றனர். இது அற்பமா?

கடல் கடந்து செல்வோம். ஆஸ்திரேலியாவின் நடுவே செந்நிறக் குன்று ஒன்று நிற்கிறது. அந்த மண்ணின் மக்கள் அதை உலூரு என்றனர். வெள்ளையர் வந்து 'ஏயர்ஸ் ராக்' என்றனர். 1993-இல் 'ஏயர்ஸ் ராக், உலூரு' என்று இரட்டைப் பெயர் அளித்தனர்; வீட்டுக்காரனுக்குத் திண்ணையில் இடம்! 2002-இல் வரிசையை மாற்றி, 'உலூரு, ஏயர்ஸ் ராக்' என்றனர். குன்று ஓர் அங்குலமும் நகரவில்லை. பெயர் மட்டும் திண்ணையிலிருந்து கூடத்துக்கு வந்தது.

இமயத்தின் கொடுமுடிக்கும் இதே கதைதான். 1802-இல் நம் பரங்கிமலைக்கருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நிலஅளவை, வடக்கே வளர்ந்து இமயத்தை எட்டியது. திபெத்தியர் சோமோலுங்மா என்றழைத்த சிகரத்துக்கு, 1865-இல் எவரெஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பெயருக்குரிய ஜார்ஜ் எவரெஸ்டே அதை விரும்பவில்லை என்பது வரலாறு. இன்று ஆங்கில ஏடுகளைப் புரட்டுங்கள். 'எவரெஸ்ட், சோமோலுங்மா என்றும் அழைக்கப்படுவது' என்றிருக்கும். அந்த 'உம்' விகுதிக்குள்ளே ஒரு மக்களினத்தின் முதலுரிமை முடங்கிக் கிடக்கிறது.

நாமும் அந்த 'உம்' விகுதிக்குள் கிடந்தவர்கள்தாம். தமிழ்நாடு என்ற பெயரையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டு, 1956-இல் 76 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1961-இல் அன்றைய அரசு ஒரு சமாதானம் கண்டது: தமிழில் எழுதினால் தமிழ்நாடு, ஆங்கிலத்தில் எழுதினால் மதராஸ் ஸ்டேட்! வீட்டுக்குள்ளே ஒரு பெயர், வீதிக்கு ஒரு பெயர். அலியாஸ் அரசாங்கம்! 1963-இல் மாநிலங்களவையிலே இந்தப் பேச்சு எழுந்தபோது, பெயரை மாற்றுவதால் என்ன லாபம் என்று கேட்டனர். பார்லிமெண்டை லோக்சபா ஆக்கியதால் நீங்கள் கண்ட லாபம் என்ன என்று திருப்பிக் கேட்டார் அண்ணா. 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு ஒன்றே பெயர். தமிழிலும் தமிழ்நாடு, ஆங்கிலத்திலும் தமிழ்நாடு. இடையிலே எந்தச் சொல்லும் இல்லை!

அயல் வழக்கு அனைத்துமே நஞ்சு என்று நான் கூறவில்லை. ஒரு நூலுக்கு இரு தலைப்பிட்டு நடுவே 'அல்லது' போடுவது மேலைநாட்டு வழக்கு. ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றே அப்படித் தலைப்புப் பெற்றது. நம் ராஜம் அய்யரும் 1893-இல் தொடராகத் தொடங்கிய நாவலுக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்று பெயரிட்டார். அதனால் தமிழ் தேயவில்லை. அங்கே இரு பெயரும் ஆசிரியனே பெற்ற பிள்ளைகள். எதுவும் எவன் வாசலிலும் கைகட்டி நிற்கவில்லை. நம் சண்டை சொல்லோடு அன்று. சொல்லைக் கொண்டு உரியவனை ஒட்டுக்குடியாக்கும் ஆணவத்தோடு.

ஆகவே தோழர்களே, நாளைக்கே தொடங்குங்கள். மன்றத்து அறிவிப்பிலே, சுவரொட்டியிலே, உறுப்பினர் ஏட்டிலே இரு பெயர் எழுத நேர்ந்தால் 'அலியாஸ்' வேண்டா. 'ஆன' இருக்கிறது, 'ஆகிய' இருக்கிறது, 'என்னும்', 'என்கிற' இருக்கின்றன. ஊர்ப்பெயர் எழுதும்போது தரங்கம்பாடி என்று எழுதுங்கள். வெளியூரார் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், 'டேனியர் டிராங்குபார் என்றனர்' என்று பின்னே சேருங்கள். அழைத்தவன் யார் என்பதும் தெரியட்டும். அந்த ஊர் யாருடையது என்பதும் தெரியட்டும்.

கூண்டிலே நிற்கும் கந்தசாமியை நான் மறக்கவில்லை. அடுத்த முறை அந்த நாடகம் அரங்கேறும்போது சேவகனின் வசனத்தை மாற்றி எழுதுவேன்: "கந்தன் என்கிற கந்தசாமி!" தாய் கூப்பிட்ட பெயர் முன்னே, ஏட்டிலே ஏறிய பெயர் பின்னே. அவன் குற்றவாளியா, நிரபராதியா என்பதைச் சாட்சிகள் சொல்லட்டும். அவன் பெயர் சாட்சி சொல்ல வேண்டா!