கணக்கை நம்புவதா, காகிதத்தை நம்புவதா?

வேட்டைக்காரர்களுக்குச் செம்புக் குண்டு கொண்டுவந்த சிக்கல்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று சட்டம் செய்தது. அந்தத் தடை 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது. 2024 ஏப்ரலில் டென்மார்க் நாடும் ஈயக் குண்டுக்குத் தடை போட்டது.

ஏன் இந்தத் தடை?

வேட்டைக்காரர்கள் மானைச் சுட்டபின் குடலைக் காட்டிலேயே போட்டுவிடுவார்கள். அதில் ஈயத் துணுக்குகள் கிடக்கும். அதைத் தின்ற காண்டார் என்னும் பெருங்கழுகுகள் விஷம் ஏறி மாண்டன. 1982-ல் உலகத்தில் மிஞ்சியவை 22 மட்டுமே!

ஆகவே ஈயத்துக்குப் பதில் செம்பு வந்தது. பறவைக்கு நல்லது. ஆனால் துப்பாக்கிக்கு?

பம்பரம் போல

வேகமாகச் சுற்றும் பம்பரம் நிமிர்ந்து நிற்கிறது. வேகம் குறைந்தால் தள்ளாடி விழுகிறது. ரைபிள் குண்டும் அப்படியே. அதைச் சுழற்றிவிடத்தான் குழலுக்குள் திருகு போன்ற வரிகள் வெட்டுகிறார்கள். இதற்குப் 'புரி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 14 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் மெதுவான புரி. 8 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் வேகமான புரி.

ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் எடை. செம்போ 8.9 கிராம்தான். அதே எடை வேண்டுமானால் செம்புக் குண்டு நீளமாக இருக்கவேண்டும். நீளமான குண்டுக்கு வேகமான புரி தேவை. பாட்டன் காலத்துத் துப்பாக்கியின் புரி அதற்குப் போதுமா?

கம்ப்யூட்டர் சொல்லும் பதில்

1879-லேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். 2005-ல் மில்லர் என்பவர் இன்னொரு சூத்திரம் தந்தார். இன்று கம்ப்யூட்டரில் எண்களைத் தட்டினால் நொடியில் விடை வருகிறது. விடை 1-க்குக் கீழே என்றால் குண்டு புரளும். 1.5-க்கு மேலே என்றால் கவலை இல்லை. நடுவில் வந்தால்? அங்கேதான் சந்தேகம்.

கணக்கில் எழுதுகிற எண்ணும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. 10 அங்குலப் புரி என்று சொல்லி விற்ற குழல் அளந்து பார்த்தால் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். பிளாஸ்டிக் முனை வைத்த குண்டு வந்தபோது சூத்திரமே தடுமாறியது. முனை நீளத்தைக் கூட்டுகிறது; எடையை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. அதற்காக 2012-ல் சூத்திரத்தையே திருத்தினார்கள்.

பனியில் தெரிந்த உண்மை

அமெரிக்க ராணுவத்தின் எம்-16 ரைபிளுக்கு முதலில் 14 அங்குலப் புரி வைத்தார்கள். சாதாரண நாளில் குறை தெரியவில்லை. கடுங்குளிரில் சோதித்தபோது குண்டு தள்ளாடியது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அது குண்டைப் புரட்டப் பார்க்கும். 1963-ல் புரியை 12 அங்குலமாக மாற்றினார்கள். போர்க்களத்தில் தெரியவேண்டிய குறை சோதனைத் திடலிலேயே தெரிந்துவிட்டது.

காகிதம் பொய் சொல்லாது

சோதனை எளிது. பாதுகாப்பான திடலில் காகித இலக்கு வைத்துச் சுடவேண்டும். ஓட்டை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் போயிருக்கிறது. நீண்ட ஓட்டையாக, சாவித் துவாரம் போல இருந்தால் குண்டு புரண்டிருக்கிறது. அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

அப்படியானால் கணக்கு வேண்டாமா? வேண்டும். எந்தக் குண்டை வாங்கிப் பார்க்கலாம் என்று அது வழி காட்டும். வெயிலில் தேறிய குண்டு பனியில் தேறுமா என்று எச்சரிக்கும். ஆனால் கடைசித் தீர்ப்பு காகிதத்தினுடையது.

புரளும் குண்டு குறி தவறும். மான் உடனே சாகாது. காயத்தோடு புதருக்குள் ஓடித் துடித்துச் சாகும். ஒரு பறவையைக் காக்க வந்த சட்டம் இன்னொரு பிராணியை வதைக்கலாமா? காட்டுக்குப் போகுமுன் திடலுக்கு ஒரு நாள் போய்வந்தால் அந்தப் பாவம் நேராது.