கடவுளுக்கு நடப்பதும் மனிதனுக்கு ஓடுவதும்

பங்குனி பிறந்துவிட்டால் நம் நாட்டு ஜனங்களின் கால்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஒரு கூட்டம் காவடி தூக்கிக்கொண்டு பழனிக்கு நடக்கிறது. ஒரு கூட்டம் கையில் மூங்கில் தடியோடு கோயமுத்தூர்ப் பக்கத்து வெள்ளியங்கிரிக் காட்டில் ஏழு மலை ஏறுகிறது. மாரியம்மன் கோவில்களின் முன் குழி வெட்டி நெருப்பைக் கொட்டி அதன்மேல் ஒரு கூட்டம் ஓடுகிறது. சென்னையிலோ அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் எள் போட்டால் எள் விழாது.

இப்படி நடக்கிறவர்களெல்லாம் சோம்பேறிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. பார்க்கப்போனால், வருஷமெல்லாம் கூலி வேலை செய்து, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த காசைச் செலவழித்து, செருப்புமில்லாமல் தார் ரோட்டில் நடக்கிறவர்களே அதிகம். இவர்களுடைய உறுதிக்கும் பொறுமைக்கும் நாம் குறை சொல்ல முடியாது. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். இவ்வளவு உழைப்பும் யாருக்குப் போய்ச் சேருகிறது? இத்தனை லட்சம் கால்கள் கொப்பளித்ததில் எந்த நோயாளியின் நோய் ஒரு குன்றிமணி அளவாவது குறைந்தது? தீ மிதித்துப் புண்ணான காலுக்கும் கடைசியில் டாக்டர்தானே மருந்து போடுகிறார்?

ஒற்றைக்கால் வாலிபர்

இதற்கு நேர்மாறான ஓட்டம் ஒன்றைப்பற்றித் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கனடா தேசத்தில் 1958-இல் பிறந்தவர் டெர்ரி பாக்ஸ். 1977-இல், 18-ஆவது வயதில், அவருக்கு எலும்பில் புற்றுநோய் கண்டது. வலது காலை முழங்காலுக்கு மேலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். நம் ஊராயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சனி எங்கே இருக்கிறான், ராகு எங்கே இருக்கிறான் என்று பார்த்திருப்பார்கள். ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்று பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அந்த வாலிபரோ, ஆஸ்பத்திரியில் தன்னைச் சுற்றிக் கிடந்த சிறு குழந்தைகள் அதே நோயால் படும் பாட்டைப் பார்த்தார். இந்த நோயின் காரணத்தையும் மருந்தையும் கண்டுபிடிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காகத் தன் தேசத்தின் ஒரு கடலிலிருந்து மறு கடல் வரை ஓடுவது என்று தீர்மானித்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று அவர் புறப்பட்டார். நம் கணக்கில் அது பங்குனிக் கடைசி. அந்தத் தேசத்துக்கும் அது இளவேனில்தான். ஆனால் பெயரளவில்தான் இளவேனில். பனியும் மழையும் எதிர்க்காற்றுமாக இருந்தது. பொய்க்காலை மாட்டிக்கொண்டு தினம் சுமார் 42 கிலோமீட்டர். பாறையும் ஏரியும் அடர்ந்த காடுமான ஒண்டாரியோவின் வடபகுதியில், ஏற்றமும் இறக்கமுமான சாலையில், வெட்டுண்ட காலில் இரத்தம் கசியக் கசிய ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஆயிற்று. செப்டம்பர் 1 அன்று தண்டர் பே என்ற ஊருக்குப் பக்கத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். புற்று நுரையீரலுக்குப் போயிருந்தது. 1981 ஜூன் 28-இல், 23 வயது நிறையுமுன் மாண்டார்.

அவர் கேட்டது தேசத்தில் ஆளுக்கு ஒரு டாலர். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. அதன் பிறகு வருஷந்தோறும் அவர் பெயரால் பல தேசங்களில் நடக்கும் ஓட்டங்களில் இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திரண்டிருக்கிறது. அவர் எந்த மதத்தவர், எந்தக் கோயிலுக்குப் போனவர் என்பது நமக்கு முக்கியமல்ல. ஓடியபோது அவர் மோட்சம் கேட்கவில்லை. தன் கால் திரும்ப முளைக்க வேண்டுமென்றும் கேட்கவில்லை. மற்றவர் கால் பிழைக்க வேண்டுமென்று கேட்டார்.

கிண்டிக் காட்டில்

இந்த ஓட்டம் நம் சென்னைக்கும் வந்தது. அடையாறு பக்கத்தில், கிண்டிக் காட்டிலிருந்து ஒதுக்கிக் கொடுத்த நிலத்தில் 1959-இல் ஏற்பட்ட ஐ.ஐ.டி. வளாகம் இன்னும் பெரும்பாகம் காடாகவே இருக்கிறது. ஆலமரங்களும் முட்புதர்களும், புள்ளிமானும் வெளிமானும் நிறைந்த அந்த இடத்தில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானவர் டெர்ரி பாக்ஸின் பெயரால் ஓடியிருக்கிறார்கள். இந்த ஓட்டத்தில் போட்டி கிடையாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம். என்ன ஜாதி, என்ன கோத்திரம் என்று கேட்பவரும் இல்லை. தீட்டு என்று பெண்ணைத் தள்ளி வைப்பவரும் இல்லை.

அந்த வளாகத்தின் வாசல் இருக்கும் அதே சர்தார் பட்டேல் சாலையில்தான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அது யார் செய்த காரியம்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் செய்த காரியம். கோவிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் கொடுமையை ஒழிக்கச் சட்டசபையில் அவர் போராடியபோது, சாஸ்திரம் போய்விடும், சம்பிரதாயம் போய்விடும் என்று பெரிய மனிதர்களெல்லாம் குறுக்கே விழுந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தார் அம்மையார் பக்கம் நின்றார்கள். 1947-இல் அது சட்டமாயிற்று. அதே அம்மையார் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பறிகொடுத்தவர் பரிகாரம் செய்யப் போகவில்லை, பணம் திரட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி பிறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் தங்கள் ஆயுளையே அதற்குக் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் துக்கத்தை உண்டியலில் போடாமல் ஆஸ்பத்திரியில் போட்டதின் பலன் இது.

பாவம் குறைந்ததா?

“நடக்கிறவன் தன் காலால் நடக்கிறான், தன் காசைப் போடுகிறான், உங்களுக்கென்ன நஷ்டம்?” என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. அந்த நஷ்டத்தை உயிராலேயே கொடுக்கிறார்கள்.

மார்பில் ஒரு கட்டி தோன்றியதும் டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை வீடுகளில், வெட்கத்தால் ஆறு மாதம், வேண்டுதலால் ஆறு மாதம், மந்திரித்துக் கட்டிய கயிற்றால் ஆறு மாதம் என்று கழித்துவிட்டு, கட்டி புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்! பிறகு, “விதி முடிந்தது, டாக்டர் என்ன செய்வார்?” என்கிறார்கள். முடிந்தது விதியல்ல, நாள். நாளைக் குடித்தது வேண்டுதல்.

புற்றுநோய் கர்மவியாதி என்பவர்களை ஒன்று கேட்கிறோம். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்று 1950 வாக்கில் அநேகமாய் மரண தண்டனையாகவே இருந்தது. இன்று நல்ல வைத்திய வசதியுள்ள தேசங்களில் அதன் முக்கிய வகை கண்ட குழந்தைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் பிழைக்கின்றன. இந்த இடைக்காலத்தில் குறைந்தது என்ன? குழந்தைகளின் முன்ஜென்மப் பாவம் குறைந்ததா, மனிதனுடைய அறியாமை குறைந்ததா? பாவம்தான் காரணமென்றால், மருந்துக்குப் பயந்து பாவம் ஓடிவிட்டது என்றல்லவா ஆகிறது! கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று கண்டவருக்கு 2008-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதைத் தடுக்க இன்று ஊசி இருக்கிறது. வாய்ப் புற்றில் பெரும்பங்கு புகையிலையால் வருகிறது. புகையிலைக்குத் தோஷம் உண்டு, ஜாதகத்துக்கு இல்லை.

இதே பங்குனி, சித்திரை மாதங்களில் முன்பு பெரியம்மை வரும். வந்தால் ‘தாய் வந்திருக்கிறாள்’ என்று கூழ் ஊற்றினார்கள், வேப்பிலை கட்டினார்கள், தீ மிதித்தார்கள். தாய் அதற்காக மனமிரங்கியதாகத் தெரியவில்லை. கிண்டியிலேயே கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால் தயாரித்தார்கள். ஊர் ஊராய் நடந்து குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். அம்மை போய்விட்டது, அம்மன் மாத்திரம் கூழ் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

காடு கைகட்டி நிற்காது

இது ஒருபுறமிருக்க, ஓடுகிறவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. காட்டுக்கு பக்தன் என்றும் தெரியாது, விளையாட்டுக்காரன் என்றும் தெரியாது.

2011 ஜனவரி 14 அன்று சபரிமலைக்குப் பக்கத்தில் புல்லுமேட்டில் மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டம் நெரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஜோதி தானாகத் தோன்றுவதல்ல, மனிதன் ஏற்றுவதுதான் என்பது பிறகு கோர்ட்டிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. வெள்ளியங்கிரி ஏறும்போது 2024-இல் மூச்சுத் திணறியும் மாரடைத்தும் மாண்டவர் பலர். ஆண்டவன் காப்பாற்றவில்லை.

அதேபோல 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறப் போன இளைஞர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பெண்கள் பலர். அவர்கள் வேண்டுதலுக்குப் போனவர்களல்ல. ஆனாலும் காய்ந்த புல் எரியும்போது யாரென்று பார்ப்பதில்லை. ஆகையால் நல்ல எண்ணம் இருந்தால் போதாது. வறண்ட மாதத்தில் எந்தக் காட்டில் போகலாம், எதில் போகக்கூடாது, தப்ப வழி எது, தண்ணீர் எங்கே, டாக்டர் எங்கே என்பதை முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். சகுனம் பார்க்கிறவனுக்கும் பகுத்தறிவுக்காரனுக்கும் வித்தியாசம் புறப்படுமுன்னே தெரிய வேண்டும்.

தருமமா, பங்கா?

மற்றொன்று. இப்போது சென்னையில் ஓடுவது ஒரு நாகரிகமாகி வருகிறது. தியாகராயநகரில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குச் சப்பாத்து வாங்கி, அடையாறுக்கு மோட்டாரில் வந்து இறங்கி, ஐந்து கிலோமீட்டர் ஓடி, பதக்கத்தோடு படம் பிடித்துக்கொண்டு, காகிதக் கோப்பையைக் கீழே எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தக் கோப்பையைப் பொறுக்குகிற துப்புரவுத் தொழிலாளிப் பெண் பொழுது விடியுமுன்னே அதைவிட அதிக தூரம் நடந்திருப்பாள். அவளுக்குப் பதக்கமுமில்லை, நோய் வந்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க வகையுமில்லை.

தருமம் செய்தேன் என்று நினைத்து ஓடுகிறவனுக்கும், புண்ணியம் சேர்த்தேன் என்று நினைத்து நடக்கிறவனுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. இருவரும் தங்களுக்குத்தான் வரவு வைக்கிறார்கள். டெர்ரி பாக்ஸ் பெரிய பணக்காரனிடம் போய் லட்சம் கொடு என்று மாத்திரம் கேட்கவில்லை; ஆளுக்கு ஒரு டாலர் என்றார். அதன் பெயர் பிச்சையல்ல, பங்கு. எல்லோருக்கும் வரக்கூடிய நோய்க்கு எல்லோரும் போடும் பங்கு. அந்தப் பங்கை முறையாக வாங்கி, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வைத்தியம் நடத்த வேண்டியது சர்க்காரின் கடமை. ஓட்டத்தில் சேரும் பணம் அந்தக் கடமைக்குத் துணையாகலாமே தவிர, அதைச் சர்க்கார் தட்டிக் கழிப்பதற்குச் சாக்காகக்கூடாது.

ஆகவே தோழர்களே! கால்களை வீணாக்காதீர்கள். அடுத்த பங்குனியில் உங்கள் ஊரில் காவடி புறப்படும் நாளில் நீங்களும் ஒரு கூட்டமாகப் புறப்படுங்கள். பறைச்சேரியிலிருந்து ஆரம்பித்து அக்கிரகாரத்தின் வழியாகப் போய், ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் முடியுங்கள். உங்கள் தாயார், மனைவி, அக்காள், தங்கை எல்லோரையும் அழைத்துப்போய் அங்கே பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற மாமனாரையும் விட்டுவிடாதீர்கள். வழியிலே யாராவது, “என்ன வேண்டுதல்?” என்று கேட்டால், “அடுத்த வீட்டு அம்மாள் சாகக்கூடாது என்று வேண்டுதல், வேண்டுவது சாமியை அல்ல, உம்மை” என்று சொல்லுங்கள்.