அடைப்பு என்றதும் காணியை விற்பதா?

நெஞ்சு நோவென்று நகரத்துத் தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்களில் பலர் ‘அடைப்பு இருக்காம், ஸ்டென்ட் வைக்கவேணுமாம்’ என்று கலங்கித் திரும்புகிறார்கள். வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. சிலவேளை வயற்காணியும் கைமாறுகிறது.

நாம் இச்சிகிச்சைக்கு எதிரானவர்களல்லர். 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி சூரிச் நகரில் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்ட்சிக், விழித்திருந்த நோயாளியின் தொடை நாடியூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுனியிலிருந்த பலூனை ஊதி, இருதய நாடியின் ஒடுக்கத்தை விரித்தார். நெஞ்சைத் திறக்கவில்லை. அத்தகைய குழாய்களை அவர் தம் வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்த்தவர் என்பது நம்மைப் போன்றோருக்கு உவப்பான செய்தி! விரித்த இடம் மீண்டும் ஒடுங்காதிருக்க, 1986 முதல் ஸ்டென்ட் எனும் கம்பிவலைக் குழாயும் வைக்கப்படுகிறது.

ஆனால் இரு வேறு நிலைமைகளை நம் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்; குழப்பப்படுகிறார்கள் என்பதே சரி.

ஒன்று மாரடைப்பு. குருதிக்கட்டியால் நாடி திடீரென முற்றாக அடைபட்டால் இருதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. இங்கே பலூன் உயிர் காக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அதற்கு வழியில்லையெனில், கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள வைத்தியசாலையிலேயே ஏற்றவேண்டும். வாய்வென்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்து விடியும்வரை காத்திருப்பதுதான் கிராமத்தில் உயிரைக் குடிக்கிறது. 1990 இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மற்றையது, பாரம் தூக்கும்போது வந்து, இளைப்பாறினால் தணிந்து, மாதக்கணக்கில் மாறாதிருக்கும் நோவு. 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, இத்தகையோருக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ முன்கூட்டியே செய்வதால், நல்ல மருந்துச் சிகிச்சையைவிட மரணம் குறையவில்லை என்று காட்டிற்று. நோவு தணிவதில் பயனுண்டு. அது சிறிய விடயமல்ல. ஆயினும் ஸ்டென்ட் தாங்குவது ஓரிடத்தை மட்டுமே. கொழுப்புப் படிவு வெடித்து மாரடைப்பு வருவது வேறோர் இடத்திலாகவும் இருக்கலாம். மருந்தோ எல்லா நாடிகளுக்கும் போய்ச் சேருகிறது. இடப்புறப் பிரதான நாடி ஒடுங்கியவர்களும் இருதயம் மிகப் பலவீனமானவர்களும் இக்கணக்கில் அடங்கார். புதிதாக வந்த நோவும் ஓய்விலும் வரும் நோவும் அவசரமானவையே.

ஸ்டென்ட் வைத்த பின்பும் குருதி உறையாதிருக்க இருவகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கவேண்டும். காசில்லையென்று இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைபடலாம். காணியை விற்று ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரை வாங்க என்ன மிஞ்சும்?

ஆகவே கையொப்பமிடுமுன் கேளுங்கள்: இது இன்றே செய்யவேண்டியதா, மருந்தோடு பார்க்கலாமா? அவசரமில்லை என்றால், அறிக்கைகளை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் இருதய கிளினிக்குக்குப் போங்கள். அங்கே வரிசை நீளம். ஆனால் ஆலோசனைக்குக் காசில்லை.