பிள்ளைகளுக்கு வெற்றுத்தாள் கொடுங்கள்

சண்டே ஸ்கூலிலும் வி.பி.எஸ். எனும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் கதை முடிந்ததும் பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுப்பது வழக்கம். நோவாவின் பேழை அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். வளைந்த சின்னப் படகு, கூரைக்கு மேலே கழுத்தை நீட்டும் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள், ஓரத்தில் வானவில். கோட்டுக்கு வெளியே போகாமல் கலர் அடிப்பது மட்டும்தான் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் வேலை. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் வேதபாடம் இப்படித்தான் முடிகிறது.

இந்தத் தாளை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக ஒரு வெற்றுத்தாளையும் பென்சிலையும் கொடுத்து, “நீயே வரை” என்று சொல்ல வேண்டும். ஒரு கதையை வரையச் சொன்னால் பிள்ளை அதைத் திரும்பத் திரும்ப வாசித்தே ஆக வேண்டும். யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, அப்போது பகலா இரவா என்றெல்லாம் முடிவு செய்யாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. அச்சடித்த தாளில் அந்த முடிவுகளை எல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். வேதத்தை வாசிக்க வேண்டிய இடத்தில் பிள்ளை கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பள்ளியில் டிராயிங் டீச்சராக வேலை பார்த்தவள். இப்போது என் மகனையும் மகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் படிப்பதைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப் படிக்கும் பிள்ளைகள் பலர் 14 வயதுக்குப் பிறகு என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுகிறார்கள். வீட்டுப் பள்ளி நல்லதா, கெட்டதா என்ற விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. அதில் கிடைக்கும் ஒரு வசதியைச் சொல்கிறேன்: நேரம். ஒரு கதையை வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். நடுவில் மணி அடிக்காது. அந்த நேரத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஸ்கேல் வைத்து வரைந்த பேழை

ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் பேழையின் அளவு தெளிவாகவே இருக்கிறது. நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம். மூன்று தட்டுகள், பக்கத்தில் ஒரு கதவு. பத்து முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நீளம் 30 செ.மீ. வரும். பிள்ளைகளிடம் இருக்கும் பெரிய ஸ்கேலின் நீளம் அது. உயரமோ 3 செ.மீ.தான்.

மகன் சார்ட்டில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தான். உயரத்தைக் குறித்தான். நான்கு பக்கமும் சேர்ந்ததும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “இது படகே இல்லம்மா, பென்சில் பாக்ஸ் மாதிரி இருக்கு” என்றான். திரும்பவும் அதிகாரத்தை வாசித்தோம். துடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாய்மரமும் இல்லை, சுக்கானும் இல்லை. “அப்போ நோவா எப்படி ஓட்டினாரு?” என்று கேட்டான். ஓட்டவே இல்லை. அது மிதப்பதற்காக மட்டும் செய்த பெட்டி. உள்ளே ஏறியவர்களால் திசையைத் திருப்ப முடியாது. விசுவாசம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் நான் பிரசங்கம் செய்திருந்தாலும் அவனை இந்த இடத்துக்குக் கூட்டி வந்திருக்க முடியாது. மூன்று சென்டிமீட்டர் உயரக் கோடு கூட்டி வந்தது.

மகளுக்குப் பேழையின் அருகில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். அவள் அப்பாவை அளந்து பார்த்தால் நாலு முழம் வந்தது. அந்தக் கணக்கில் நோவாவின் உயரம் 4 மில்லிமீட்டர். பென்சிலை நன்றாகக் கூர்தீட்டிக்கொண்டு ஒரு சிறு கோடு போட்டாள். அதன் பக்கத்தில் இன்னும் சில கோடுகள் போட்டுவிட்டு, “இவங்க எல்லாம் உள்ள போகலையா?” என்று கேட்டாள்.

அச்சடித்த தாளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வானவில் அதை மறைத்துவிடுகிறது. இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கப் பார்க்கக் கூடாது. வெளியே இருந்தவர்கள் அழிந்தார்கள் என்றுதான் வேதம் சொல்கிறது. பேழையின் அளவைச் சொல்லும் அதே 6ஆம் அதிகாரம், கர்த்தரின் உள்ளம் நொந்தது என்றும் சொல்கிறது. இரண்டையும் வாசித்துக் காட்டினேன். எனக்கும் விளங்காதது இதில் உண்டு என்றேன். அவள் தாளின் கீழ்ப்பாதியைப் பென்சிலால் அடர்த்தியாகக் கருக்கினாள். வானவில் போட்டு முடி என்று நான் சொல்லவில்லை. கடினமான கேள்வியைக் கேட்ட பிள்ளை கதைக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதை நாம் கதைக்கு வெளியே தள்ளிவிடக் கூடாது.

அசனப் பந்தியில் ஐயாயிரம் பேர்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும். பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வெந்து, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதையை வரையச் சொன்னபோது மகள் வரைந்தது இந்தப் பந்தியைத்தான். வரிசை வரிசையாக ஆட்கள், முன்னால் இலை, ஓரத்தில் பனைமரம்.

அது தவறு என்று திருத்த எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. மாற்கு சுவிசேஷத்தில் ஜனங்கள் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசையாகப் பசும்புல்லின் மேல் உட்கார்ந்தார்கள் என்று இருக்கிறது. அசனத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு அந்த வரி சட்டென்று பிடிபடுகிறது. பரிமாறியது சீஷர்கள் பன்னிரண்டு பேர் என்றதும் மகன் கணக்குப் போட்டான். ஐயாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒருவருக்கு நானூறு பேருக்கு மேல். புருஷர்கள் மட்டுமே ஐயாயிரம். பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை என்று மத்தேயு எழுதுகிறார். அசனத்தில் பந்தி பரிமாறிய மாமாக்கள் சட்டை நனைந்து நின்றதை என் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அற்புதம் என்று மட்டும் கேட்டிருந்த கதையில் உழைப்பும் இருப்பதை அன்று கண்டுகொண்டார்கள்.

வேதக்கதையைத் தங்கள் மண்ணில் நிறுத்திப் பார்ப்பது புதுமை இல்லை. வீரமாமுனிவர் 1726இல் பாடி முடித்த தேம்பாவணியில் யூதேயா நாடு தமிழ் நாட்டு வயலும் நீருமாகத்தான் விரிகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். 1566இல் பீட்டர் புரூகல் வரைந்த ‘பெத்லகேமில் குடிமதிப்பு’ ஓவியத்தில் பெத்லகேம் பனி மூடிய பிளாண்டர்ஸ் கிராமம். பிள்ளைகள் உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். சத்திரத்து வாசலில் கூட்டம் நெருக்குகிறது. கழுதைமேல் வரும் மரியாளை அந்தக் கூட்டத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோளில் ரம்பம் சுமந்து முன்னே நடக்கும் தச்சர்தான் யோசேப்பு. என் பிள்ளைகள் படத்தின் மேல் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினார்கள். யாரும் கவனிக்காத ஓர் ஏழைத் தம்பதி ஊருக்குள் வந்தார்கள் என்ற செய்தி அந்தத் தேடலிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகளின் பெத்லகேமில் உடைமரமும் டீக்கடையும் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

முதலில் பார்ப்பது

வரைவதற்கு முன்னால் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) இதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுவதும் கிறிஸ்தவ வீட்டுப் பள்ளிகள் பல அதைப் பின்பற்றுகின்றன. நல்ல ஓவியம் ஒன்றைப் பிள்ளை அமைதியாகப் பார்க்க வேண்டும். பிறகு படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, கண்டதைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் நடுவில் விளக்கம் சொல்லக் கூடாது.

ரெம்பிராண்ட் 1668 வாக்கில் வரைந்த ‘கெட்ட குமாரன்’ ஓவியத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து இப்படிக் காட்டினேன். மூல ஓவியம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியவர்கள் தகப்பனின் கைகளைப் பற்றிப் பேசுவார்கள். என் மகளின் கண் போனது படத்தில் இருக்கும் குமாரனின் காலுக்கு. ஒரு பாதத்திலிருந்து செருப்பு கழன்று கிடக்கிறது. உள்ளங்கால் தேய்ந்து போயிருக்கிறது. படத்தைத் திருப்பி வைத்தபின் முதலில் அதைத்தான் சொன்னாள். அப்புறம் லூக்கா 15ஐ வாசித்தோம். உயர்ந்த வஸ்திரம், மோதிரம், அதோடு கால்களுக்குப் பாதரட்சை என்று தகப்பன் சொல்லும் இடம் வந்ததும், “அதான் செருப்பு போடச் சொல்றாரு” என்று கத்தினாள். எத்தனையோ முறை கேட்ட கதை. அந்த ஒரு சொல் அன்றுதான் அவள் காதில் விழுந்தது.

இயேசுவும் இப்படித்தான் கற்பித்தார். வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இருக்கும் உருவம் யாருடையது என்று கேட்டார். கவலைப்பட்டவர்களிடம் காட்டுப்பூவையும் பறவையையும் பார்க்கச் சொன்னார். அதனால் எங்கள் வீட்டில் ஓவியப் பாடம் முழுவதும் வேதக்கதை இல்லை. மற்ற நாட்களில் முருங்கைக்காய், பனங்காய், பழைய செருப்பு, தங்கள் இடது கை என்று கண்ணெதிரே இருப்பதை வரைகிறார்கள். கோடு, நிழல், அளவு இவற்றை அவற்றுக்காகவே கற்க வேண்டும். ஓவியத்தை வேதபாடத்துக்கு எடுபிடி ஆக்கினால் இரண்டுமே கெடும்.

விக்கிரகம் ஆகிவிடாதா?

எங்கள் சபைகளில் சிலருக்கு இந்தப் பயம் உண்டு. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தின் கட்டளையை நானும் மதிக்கிறேன். தொழுவதற்காக உருவம் செய்வதை அது தடுக்கிறது. அதே புத்தகம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கர்த்தர் தம் ஆவியால் நிரப்பியதாகச் சொல்கிறது. 35ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பெசலெயேலுக்கும் அகோலியாபுக்கும் இந்த வேலையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் மனதையும் அவர் அருளினார். ஓவியம் சொல்லித்தருவது ஊழியம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எசேக்கியேல் தீர்க்கதரிசியிடம் ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் எருசலேமை வரையச் சொன்னவரும் கர்த்தர்தான். நாங்களும் ஒரு செங்கல்லில் கரித்துண்டால் வரைந்து பார்த்தோம்.

சாலொமோன் ஆலயத்தைப் படித்த வாரம் பிள்ளைகளைக் கோவில்பட்டி அருகே கழுகுமலைக்குக் கூட்டிப் போனேன். அங்கே வெட்டுவான் கோயில், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, பாதியில் நின்றுபோன வேலை. சாலொமோனின் ஆலயத்துக்கோ கற்களை வெட்டுமிடத்திலேயே செதுக்கிக் கொண்டுவந்ததால், கட்டுமிடத்தில் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தார்கள். “ஏம்மா, கோயிலுக்கா கூட்டிட்டுப் போன?” என்று சபையில் ஒரு அத்தை கேட்டார்கள். சாலொமோன் தன் ஆலயத்தின் வெண்கல வேலைக்குத் தீருவிலிருந்து ஈராமை வரவழைத்தான். ஈராமின் தகப்பன் இஸ்ரவேலன் இல்லை, தீரு நகரத்தான் என்று சொன்னேன். வங்காள ஓவியர் ஜாமினி ராய் கிறிஸ்தவர் இல்லை. ஆனாலும் பட்டுவா எனும் நாட்டுப்புற ஓவிய மரபின் பெரிய கண்களோடு அவர் இயேசுவை வரைந்தார். அவர் படங்களையும் என் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வீட்டின் சுவரே உலகத்தின் எல்லை ஆகிவிடும் ஆபத்து உண்டு. அந்தச் சுவரில் ஜன்னல் வைப்பது பெற்றோரின் கடமை.

என்ன செய்யலாம்?

சண்டே ஸ்கூல் ஆசிரியர்களுக்கும் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கும் நான் கேட்பது அதிகம் இல்லை. மாதத்தில் ஒரு வாரமாவது கலர் தாளை நிறுத்துங்கள். கதையை வேதத்திலிருந்தே வாசியுங்கள். வெற்றுத்தாளைக் கொடுங்கள். “இது எந்த வசனத்தில் இருக்கிறது?” என்று பிள்ளை வரைந்த ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள். வசனத்தில் இல்லாததை வரையலாம், தடையில்லை; ஆனால் அது தன் கற்பனை என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளையின் கோட்டின் மேல் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள்.

கிறிஸ்மஸ் கதையில் தொடங்குங்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எழுதவில்லை. காணிக்கைகள்தான் மூன்று வகை. அவர்கள் போனது ஒரு வீட்டுக்கு; தொழுவம் அங்கே வரவில்லை. வரைய உட்காரும் பிள்ளை இதைத் தானே கண்டுபிடிக்கும்.

இது கிறிஸ்தவர்களின் வீட்டு விஷயம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். எந்த மதத்தின் பெயராலும் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்து, எங்கள் வேதம் இப்படிச் சொல்கிறது என்று முழங்கும் காலம் இது. அதைக் கேட்கும் இளைஞனோ இளம்பெண்ணோ, எங்கே இருக்கிறது என்று புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இருபது வயதில் திடீரென்று வராது. எட்டு வயதில், ஒரு பென்சிலோடு, நோவாவின் பேழைக்குச் சுக்கான் உண்டா என்று தேடும்போது வருகிறது. நம்பிக்கையையும் நேர்மையான வாசிப்பையும் ஒன்றாகவே பிள்ளைக்குக் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டியது நாம்தான்.