எங்கட காசு எப்படியும் போகுது



"அரசியல்வாதி எலக்சன் கேட்கிறதுக்கு என்ர வரிக்காசை ஏன் குடுக்கவேணும்?"

தேர்தல் பிரச்சாரங்களுக்குப் பொதுநிதி வேண்டும் என்று நான் எங்கே வாய் திறந்தாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான். மாமாமார் கேட்கிறார்கள், மாமிமார் கேட்கிறார்கள், அது பரவாயில்லை. வாடகை உயர்வுக்கு எதிராக எங்களோடு பதாகை பிடிக்கிற பெடியளும் பெட்டையளும் இதையே கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நேரடியாகச் சொல்கிறேன். அந்தக் காசை நீங்கள் ஏற்கெனவே குடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கட்டட முதலாளி ஒருவர் வேட்பாளருக்கு ஆயிரம் ஆயிரமாக அள்ளிக் குடுக்கிறார் என்றால் அது தர்மம் இல்லை, முதலீடு. அதை அவர் எங்கட வாடகையில் எடுப்பார். ஒப்பந்தக்காரர் அதை ஒப்பந்தத்தில் எடுப்பார். டெலிவரிக் கொம்பனி அதை டெலிவரிக்காரரின் கூலியில் எடுக்கும். தேர்தல் செலவை மக்கள் கட்டுவதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. முதலில், வெளிச்சத்தில், கணக்கோடு கட்டுவதா, அல்லது பிறகு, இருட்டில், வட்டியோடு கட்டுவதா என்பதுதான் கேள்வி.

நான் இருப்பது நியூயோர்க் நகரம், குயின்ஸ். இங்கே இந்த முறை புதிதில்லை. 1986இல் குயின்ஸின் தலைவராக இருந்த டொனால்ட் மேனஸ் சிக்கிய லஞ்ச ஊழல் நகரத்தையே நாறடித்தது. அதற்குப் பிறகு, 1988இல், நகரத் தேர்தல்களுக்கான பிரச்சார நிதி வாரியம் உருவானது. சிறு நன்கொடைக்கு நகரமும் தன் பங்கைப் போடும் முறை அப்போது தொடங்கியது. மட்சிங் ஃபண்ட்ஸ் என்று சொல்லுவார்கள். முதலில் ஒரு டொலருக்கு ஒரு டொலர். அது ஆறாக ஏறி, 2018இல் மக்கள் வாக்களித்து எட்டாக்கினார்கள்.

கணக்கு லேசானது. நகரத்தில் வசிக்கிற நீங்கள் 10 டொலர் குடுத்தால் நகரம் 80 டொலர் போடும். வேட்பாளர் கையில் 90. நகரசபை வேட்பாளர் என்றால் ஒருவர் குடுக்கிற முதல் 175 டொலருக்கும், மேயர் வேட்பாளர் என்றால் முதல் 250 டொலருக்கும் இப்படி எட்டு மடங்கு கிடைக்கும். கொம்பனிகளிடம் காசு வாங்கவே ஏலாது. நகரத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறவர் குடுத்தால் அதற்கு எட்டு மடங்கு கிடையாது. எல்லாச் செலவுக்கும் ரசீது காட்டவேண்டும், செலவுக்கு உச்சவரம்பும் உண்டு.

சும்மா பெயர் குடுத்தால் காசு வராது. நகரசபைக்கு நிற்கிறவர் தன் தொகுதிக்குள்ளேயே குறைந்தது 75 பேரிடம் 10 டொலரோ அதற்கு மேலோ வாங்கியிருக்கவேண்டும். மொத்தமாக 5,000 டொலர் சேர்த்திருக்கவேண்டும். சேர்த்துவிட்டால் அந்த 5,000 டொலருக்கு 40,000 டொலர் வரும். ஒரு தொகுதியில் மரியாதையாகப் போட்டியிட அது போதுமான தொடக்கம்.

இது எங்களுக்கு ஏன் பெரிய விஷயம்? எங்கட ஆக்கள் வழக்கமாகச் செய்கிற அரசியலை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். ஒரு ஹோலில் நிதிசேர் விருந்து. மேசைக்கு இவ்வளவு என்று விலை. முன்வரிசையில் வீட்டு ஏஜென்ட், அடமானக்கடன் புரோக்கர், சட்டத்தரணி, இரண்டு மூன்று கடை முதலாளிமார். அரசியல்வாதி வருவார், "வணக்கம்" என்று சொல்லுவார், பொங்கல் சாப்பிடுவார், படம் எடுப்பார், போய்விடுவார். அடுத்த நாள் அந்தப் படம் வட்ஸ்அப்பில் சுற்றும், "எங்கட சமூகத்தின் குரல் கேட்கப்பட்டது" என்று எழுதியிருக்கும்.

யாருடைய குரல்? அந்த விருந்தில் சோறு பரிமாறினவரின் குரலா? கோப்பை கழுவினவரின் குரலா? இப்படியான ஒரு விருந்தில் நானும் கதிரை அடுக்கியிருக்கிறேன். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒரு அண்ணையின் விஷயத்தைக் கதைக்க இரண்டு நிமிஷம் கேட்டேன். "தம்பி, இது அதுக்கான இடமில்லை" என்றார் ஏற்பாட்டாளர். அவர் சொன்னது உண்மைதான். அது அதற்கான இடமில்லை, மேசை வாங்கினவர்களுக்கான இடம். முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டு நாங்கள் கொட்டுகிற பனியில் நின்றாலும், அந்த அரசியல்வாதி போன் எடுத்துப் பேசப்போவது மேசை வாங்கினவரோடுதான். எங்கட துயரத்துக்கும் அவரே பிரதிநிதி ஆகிவிடுகிறார்.

பொதுநிதி அந்த போன்காலைத்தான் மாற்றுகிறது. ஒரு பணக்காரரின் ஆயிரம் டொலரைவிட, தொகுதியில் 75 கதவைத் தட்டி வாங்குகிற பத்துப் பத்து டொலர் வேட்பாளருக்கு அதிகம் தேவைப்படுகிறது. கடைச் சமையலறையில் நிற்கிற மாமாவின் கதவையும் தட்டவேண்டி வருகிறது. கதவைத் தட்டினால் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டி வருகிறது. இதைவிடப் பெரிய மந்திரம் இதில் ஒன்றுமில்லை. ஆனால் இதுவே பெரிது.

இனி வரிக்காசுக்கு வருவோம். 2021 தேர்தலில் நியூயோர்க் நகரம் வேட்பாளர்களுக்குக் குடுத்த பொதுநிதி 120 மில்லியன் டொலருக்குச் சற்று மேல். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் நகரத்தின் ஒரு வருஷ பட்ஜெட் அப்போதே ஏறக்குறைய 100 பில்லியன். நூறு டொலருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று சதம், அதுவும் நாலு வருஷத்துக்கு ஒருக்கா.

இப்போது மற்றப் பக்கத்தைப் பாருங்கள். இங்கே ஏறக்குறைய பத்து இலட்சம் வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகளுக்கு வருஷா வருஷம் எவ்வளவு ஏற்றலாம் என்று தீர்மானிப்பது ஒன்பது பேர் கொண்ட ஒரு வாரியம். ஒன்பது பேரையும் நியமிப்பவர் மேயர். 2015இலும் 2016இலும் ஒரு வருஷ ஒப்பந்தங்களுக்கு அந்த வாரியம் ஒரு சதம்கூட ஏற்றவில்லை. 2022 முதல் 2025 வரை ஒவ்வொரு வருஷமும் ஏற்றியது. 2025இல் 3 வீதம். மாதம் 1,800 டொலர் வாடகை கட்டுகிற குடும்பத்துக்கு அது மாதம் 54 டொலர், வருஷம் 648 டொலர். மேயர் யாரிடம் கைநீட்டி வந்தவர் என்பதன் விலை இப்படித்தான் வீட்டுக்கு வரும். பன்னிரண்டு சதத்துக்கு முகம் சுளிக்கிறவர்கள் இந்த 648 டொலரையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

இரண்டாவது ஆட்சேபம்: "இதிலும் களவு நடக்குது தானே?" நடக்கும். 2024 செப்டெம்பரில் மேயர் எரிக் அடம்ஸ் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. வேறு ஆட்களின் பெயரில் காசு வாங்கி, அதைக் காட்டி நகரத்தின் எட்டு மடங்கையும் எடுத்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் மறுத்தார். 2025 ஏப்ரலில், ட்ரம்பின் நீதித்துறை கேட்டதன் பேரில், வழக்கு தள்ளுபடியானது. ஆனால் நிதி வாரியம் அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், அவருக்குப் பொதுநிதி இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகும் குடுக்கவில்லை. மத்திய அரசு விட்டுக்குடுத்த இடத்தில் ஒரு நகர வாரியம் பிடித்துக்கொண்டு நின்றது. பெரிய காசு சின்னக் காசின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்ததாகத்தான் அங்கே குற்றச்சாட்டு. அதற்குச் சின்னக் காசை ஏன் தண்டிக்கவேண்டும்?

மூன்றாவது ஆட்சேபம் எங்கட இடதுசாரித் தோழர்களிடமிருந்து வருவது. இதை நான் கூடுதல் மரியாதையோடு எடுக்கிறேன். "சூப்பர் பேக்குகள் கோடிக்கணக்கில் கொட்டும்போது உன்ர பத்து டொலர் என்ன செய்யும்?"

சரி. 1976இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தேர்தல் செலவைப் பேச்சுரிமையோடு கட்டிவைத்தது. 2010இல் கொம்பனிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. 2011இல் அரிசோனாவின் திட்டத்தில் கைவைத்தது. பணக்கார எதிராளி அதிகம் செலவழித்தால் பொதுநிதி வேட்பாளருக்கும் கூடக் குடுப்பது என்ற ஏற்பாட்டை, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் வெட்டி எறிந்தது. ஆக, பெரிய காசுக்குக் கூரை போட எங்களை விடமாட்டார்கள். இருந்தும் சின்னக் காசு நிற்பதற்குத் தரை போடலாம். பொதுநிதி என்பது அந்தத் தரை.

அந்தத் தரையில் நின்று என்ன செய்யலாம் என்பதை 2025இல் பார்த்தோம். மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் செலவு வரம்பு 8 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. அண்ட்ரூ கூமோவை ஆதரித்து நின்ற ஒரு சூப்பர் பேக் மட்டும் 20 மில்லியனுக்கு மேல் செலவழித்தது. அதில் மைக்கேல் புளூம்பேர்க் போட்டது 8 மில்லியனுக்கு மேல். டோர்டாஷ் கொம்பனி ஒரு மில்லியன். ஸோரான் மம்டானியோ மார்ச் மாதத்திலேயே, சிறு நன்கொடையும் நகரத்தின் எட்டு மடங்கும் சேர்ந்து வரம்பைத் தொடும் நிலைக்கு வந்துவிட்டார். "இனிக் காசு அனுப்பாதீங்கோ, கதவு தட்ட வாங்கோ" என்று ஆதரவாளர்களைக் கேட்டார். ஜூன் 24 வாக்கெடுப்பு, மார்ச்சிலேயே காசு கேட்கிற வேலை முடிந்தது. மிச்ச மூன்று மாதமும் தெருவில்.

பொதுநிதிதான் அவரை வெல்ல வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். கூமோவும் அதே பொதுநிதியை வாங்கினவர்தான். கதவு தட்டின ஆயிரக்கணக்கான ஆட்கள்தான் வெல்ல வைத்தார்கள். ஆனால் பணக்காரரின் வரவேற்பறையில் போகவேண்டிய நேரத்தை அந்த ஆட்களோடு செலவழிக்க அவருக்கு விடுதலை கிடைத்தது. "அரசாங்கக் காசு இயக்கத்தைப் பழக்கிப்போடும்" என்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நிதி வாரியம் ரசீது கேட்கும், கொள்கையை மாற்றச் சொல்லாது. கட்டட முதலாளி ரசீது கேட்கமாட்டார், வேறு ஒன்று கேட்பார்.

இதை வேதமாக்கவும் வேண்டாம். சியாற்றிலில், 2015இல் மக்கள் வாக்களித்து, ஜனநாயக வவுச்சர் என்ற முறை வந்தது. தகுதியுள்ள ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் 25 டொலர் பெறுமதியான நாலு வவுச்சர். பிடித்த வேட்பாளருக்குக் குடுக்கலாம், கையில் ஒரு சதம் இல்லாதவரும் குடுக்கலாம். அதனால் நியூயோர்க் முறையைவிட இது எனக்குப் பிடிக்கும். ஆனால் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சோசலிசவாதி ஷாமா சாவந்த் 2019இல் அந்தத் திட்டத்தில் சேரவில்லை. அந்த வருஷம் அமேசான் ஒரு மில்லியனுக்கு மேல் இறக்கியது. செலவு வரம்புக்குள் கையைக் கட்டிக்கொண்டு அதோடு மோத அவர் தயாராக இல்லை. சிறு நன்கொடைகளிலேயே நின்று வென்றார். அது அந்தக் களத்தின் முடிவு. கருவி எங்களுக்கானது, நாங்கள் கருவிக்கானவர்கள் இல்லை.

கிடைத்ததைக் காவல் காக்காவிட்டால் போய்விடும் என்பதும் உண்மை. நியூயோர்க் மாநிலத் தேர்தல்களுக்கு 2024இல்தான் பொதுநிதி முதன்முதலாக வந்தது. சட்டமன்ற வேட்பாளருக்குத் தொகுதிவாசி குடுக்கிற முதல் 50 டொலருக்கு 12 மடங்கு. அது தொடங்கும் முன்பே, 2023இல், சட்டமன்றம் விதியை மாற்றப் பார்த்தது. பெரிய நன்கொடையின் முதல் 250 டொலருக்கும் பொதுநிதி குடுக்கலாம் என்று ஒரு மசோதா. அதாவது சின்ன ஆளுக்குக் கட்டின வீட்டில் பெரிய ஆளுக்கும் ஒரு அறை. சிறு நன்கொடைக்காகப் போராடின இயக்கங்கள் சத்தம் போட்டன. ஆளுநர் ஹோக்குல் டிசம்பரில் அதை நிராகரித்தார். சத்தம் போடாமல் இருந்திருந்தால்?

ஆகவே வேலைக்கு வருவோம்.

நியூயோர்க்கில் இருப்பவர்கள்: உங்கள் தொகுதியில் அடுத்து நிற்கப்போகும் இடதுசாரி வேட்பாளருக்கு அந்த முதல் 75 பேரில் எத்தனை பேரை எங்கட ஆக்களிடமிருந்து சேர்க்கலாம் என்று இப்போதே பட்டியல் போடுங்கள். கிரீன் கார்ட் உள்ளவர்கள் வாக்குப் போட ஏலாது, ஆனால் காசு குடுக்கலாம். அதற்கும் எட்டு மடங்கு உண்டு. இது எங்கட பெற்றோர் பலருக்குத் தெரியாது. ஆனால் கவனம்: அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள், விசாவில் இருப்பவர்கள், பத்திரம் இல்லாதவர்கள் ஒரு சதமும் குடுக்கக்கூடாது. மத்திய சட்டம் அதைத் தடை செய்கிறது, மாட்டினால் குடிவரவு வழக்கே கெட்டுப்போகும். அவர்களிடம் காசு கேட்கவே கேட்காதீர்கள்.

சியாற்றிலில் இருப்பவர்கள்: வவுச்சர் தபாலில் வரும், விளம்பரக் கடதாசிகளோடு குப்பைக்குள் போகும். கோயிலிலும் கடையிலும் நின்று ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

ரொறன்ரோவில் இருப்பவர்கள்: 2026 ஒக்ரோபர் 26 நகரத் தேர்தல். உங்களிடம் இருப்பது மீளளிப்பு முறை. 300 டொலர் வரையான நன்கொடைக்கு 75 வீதம் திரும்பி வரும். ஆனால் முதலில் கையிலிருந்து கட்டவேண்டும், பிறகுதான் வரும். மாதக் கடைசியில் 100 டொலர் இல்லாத ஸ்காபரோக் குடும்பத்துக்கு அதனால் என்ன பிரயோசனம்? ஒன்ராறியோவின் பெரும்பாலான நகரங்களில் இதுவும் இல்லை. வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேளுங்கள்: "வவுச்சர் முறைக்கு ஆதரவா, இல்லையா?" மழுப்பினால் எழுதி வையுங்கள்.

அடுத்த முறை நிதிசேர் விருந்துக்கு அழைப்பு வந்தால், மேசை வாங்குகிற மாமாவோடு சண்டை பிடிக்கவேண்டாம். அதே பின்னேரம் உங்கள் கட்டடத்தில் பத்துக் கதவைத் தட்டுங்கள். கதவுக்குப் பத்து டொலர் என்றால் நூறு. நியூயோர்க்கில் அது தொள்ளாயிரம். மற்ற ஊர்களில் அதைத் தொள்ளாயிரம் ஆக்குகிற சட்டத்துக்குத்தான் எங்கட அடுத்த சண்டை.

தோழமையுடன்,
குயின்ஸிலிருந்து