வயலுக்கு அடங்கிய அடுப்பு

"வயலிலிருந்து நேரே தட்டுக்கு" என்று பெயர் சூட்டிக்கொண்டு இந்நாளில் பல உணவு விடுதிகள் கிளம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் பெர்க்கிலி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் என்னும் அம்மையார் 1971-இல் ஒரு விடுதியைத் திறந்து, அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பருவத்துக்கேற்ப விளைவதைத் தேடிச் சமைக்கும் வழக்கத்தை வளர்த்தார். அவ்வழக்கம் இன்று நம் தில்லிக்கும் வந்துவிட்டது. வந்தது நல்லதே. ஆனால் வரும் வழியில் வயலைத் தொலைத்துவிட்டுப் பெயர் மட்டும் வந்து சேர்ந்ததோ என்பதே என் ஐயம்.

இந்த ஐயம் எனக்குப் பிறந்த இடம் குமாவோன் மலை. சென்ற அக்டோபர் விடுமுறையில் நண்பர் மூவருடன் அங்கே போயிருந்தேன். இரவு ரயிலில் காத்கோதாம். அங்கிருந்து அல்மோராவுக்குப் பஸ். (அந்த வளைவுகளில் எங்கள் மதுரை நண்பரின் வயிறு பட்ட பாட்டை எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.) அல்மோராவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் தங்கள் வீட்டிலேயே எட்டுப் பேர் உட்காரக்கூடிய சாப்பாட்டு விடுதி ஒன்றை நடத்துகிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. உணவுப் பட்டியலும் கிடையாது.

"பனீர் உண்டா, மாஸ்டர்ஜி?" என்று கேட்டோம். "எங்களிடம் இருப்பது ஒரே பசு. அதன் பால் தயிருக்கும் பாயசத்துக்குமே சரியாகப் போகிறது" என்றார். தக்காளி? அதுவும் தீர்ந்துவிட்டதாம். "இல்லை" என்று இத்தனை மகிழ்ச்சியோடு சொல்லும் விடுதிக்காரரை நான் முன்பு கண்டதில்லை!

பிறகு வந்தது சாப்பாடு. கறுத்துத் தடித்த மண்டுவா ரொட்டி, கூடவே வெல்லத் துண்டு. ஒரு வாய் கடித்ததுமே மதுரை நண்பர், "அடே, இது நம் கேழ்வரகு!" என்று கூவினார். கேழ்வரகேதான். கஹத் என்று ஊற்றிய பருப்பு நம் கொள்ளு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நாங்கள், நால்வரும் ஒல்லியர்களாயிருந்தும் இரண்டு முறை வாங்கிக் குடித்தோம். பட் என்னும் கறுப்புச் சோயாவை இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கவிட்ட குழம்பு ஒன்று. மலை வெள்ளரியைத் துருவி, அரைத்த கடுகு கலந்த தயிர்ப் பச்சடி ஒன்று. கடுகு மூக்கைப் பிடித்து உலுக்கியது. கடைசியில் ஜங்கோரா பாயசம். அதாவது நம் குதிரைவாலி. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் வந்து நம் வீட்டுத் தானியங்களை அந்நியப் பெயர்களில் அறிமுகம் செய்துகொண்டோம்.

அந்தச் சோறு விளைந்த படிவயல்கள் சன்னலுக்கு வெளியே தெரிந்தன. அவற்றில் பாதி புதர் மண்டிக் கிடந்தது. "காட்டுப் பன்றியும் குரங்கும் ஒரு பக்கம், விதைக்க ஆளில்லாதது மறுபக்கம்" என்றார் ஆசிரியர். அவர் மக்கள் இருவரும் தில்லியில் வேலை பார்க்கிறார்கள். உத்தரகண்டில் 2011-க்குப் பிறகு 734 ஊர்கள் ஆளற்றுப் போயின என்று அம்மாநிலத்தின் புலம்பெயர்வு ஆணையம் 2018-இல் அறிவித்தது. பக்கத்துக் கட்வாலில் விஜய் ஜர்தாரி முதலிய உழவர்கள் 1980-களிலேயே விதை காக்கும் இயக்கம் தொடங்கினார்கள். ஒரே வயலில் பன்னிரண்டு தானியங்களைக் கலந்து விதைக்கும் 'பாராநாஜா' முறையை விடாமல் போற்றினார்கள். ஆனால் விளைந்ததை வாங்குவார் இல்லையேல் விதையை எத்தனை நாள் காப்பது?

இதனாலேயே நகரத்து விடுதிகளின்மேல் எனக்குச் சினம். சிறுதானியங்களுக்கென ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டை ஒதுக்கிய பின் மண்டுவாவுக்கு மவுசு ஏறிவிட்டது. தில்லியில் ஒரு விடுதியில் அதே ரொட்டியை உள்ளங்கை அளவில் தட்டி, மலையில் நாங்கள் நால்வரும் உண்டதற்குக் கொடுத்த பணத்தை ஒரு தட்டுக்கே வாங்குகிறார்கள். எந்த ஊர்த் தானியம் என்று கேட்டேன். பரிமாறியவர் உள்ளே போய் விசாரித்து வந்து, "மொத்த வியாபாரியிடம் வாங்கியது" என்றார். அவர்மேல் குற்றமில்லை. வயலின் பெயரை விற்பவர், எந்த வயல் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லரோ? பருவம் எதுவாயினும் பட்டியல் மாறாத கடைக்கு அந்தப் பெயர் எதற்கு?

நம்மால் ஆவது என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். சனவரியில் நம் சங்கம் பொங்கல் வைக்கப் போகிறது. இம்முறை சர்க்கரைப் பொங்கலை ஜங்கோராவில் பொங்கினால் என்ன? "புத்தரிசி இல்லாமல் பொங்கலா?" என்று செயற்குழுவில் ஒருவர் இப்போதே முகம் சுளிக்கிறார். சென்ற ஆண்டு நாம் பொங்கியது கடைத்தெரு மூட்டை அரிசி. அது புதிதா, பழையதா, எந்த மண்ணில் விளைந்தது என்று அவரும் அறியார், நானும் அறியேன். ஜங்கோராவோ இந்த இலையுதிர் காலத்தில் அறுத்தது. அறுத்த வயலை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அக்கம்பக்கத்து நான்கு வீட்டுப் பெண்களிடம் சேர்த்து இருபத்தைந்து கிலோ தர இயலும், டிசம்பர் முதல் வாரத்துக்குள் தெரிவித்தால் காத்கோதாம் வரை பஸ்ஸில் அனுப்பிவைப்பார். அங்கிருந்து கொண்டுவருவது நம் பொறுப்பு. செயற்குழு வரும் வெள்ளிக்கிழமை மாலை கூடுகிறது.